லயத்து வீடுகளில் குளிரடைப்பு: பட்டறையை எங்கே தொடங்குவது

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் அப்பர் டிவிஷனில் லயத்து வீட்டில் (தொழிலாளர்களுக்காக ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில்) குடியிருப்பவரும், அங்கே குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டத்துக்குச் செயலாளராக இருப்பவருமான சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “அமெரிக்காவில் குளிர்காலம் வருவதற்கு முன் அக்கம்பக்கத்தார் கூடி, வீட்டுக்குள் குளிர் புகும் இடங்களை அடைக்கப் பழகும் பட்டறைகள் நடத்துகிறார்கள் என்றும், அதனால் சூடேற்றும் செலவு குறைகிறது என்றும் என் மகன் சொன்னான். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பிள்ளைகள் தூங்க முடியாமல் நடுங்குகிறார்கள். சிலர் கடன் வாங்கி ரூம் ஹீட்டர் வாங்கினார்கள்; கரண்ட் பில் வந்ததும் அதை மூலையில் வைத்துவிட்டார்கள். அப்படியொரு பட்டறையை எங்கள் டிவிஷனில் நடத்தினால் பயன் இருக்குமா? எங்கே தொடங்க வேண்டும்?”

பயன் நிச்சயமாக இருக்கும். ஆனால் அங்கே செய்வதை அப்படியே இங்கே செய்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது, ஏனென்றால் நம் வீடுகளின் அமைப்பும் வேறு, சூட்டுக்காக நாம் செலவழிக்கும் விதமும் வேறு. நான் தேவிகுளத்தில் பிறந்தவன். என் தாயார் கொழுந்து பறித்தவர். கட்டட மேற்பார்வையாளராக இந்த மலைகளில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு சில டிவிஷன்களில் இத்தகைய பட்டறைகளை நடத்திப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் கண்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லயத்தில் ஒரு வீட்டை மட்டும் தனியாகக் குளிரிலிருந்து காப்பாற்ற முடியாது, வரிசை முழுவதையும் சேர்த்துத்தான் காப்பாற்ற முடியும். கூடிச் செய்தால் கற்பது எளிது என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. லயம் கட்டப்பட்டிருக்கும் விதமே அதைக் கட்டாயமாக்குகிறது.

உங்கள் மகன் சொன்ன வழக்கம் அங்கே எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்வது உதவும். 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டு எரிபொருள் விலை திடீரென்று உயர்ந்தபோது, வீட்டைச் சூடாக்கப் பணமில்லாத ஏழைக் குடும்பங்கள் அங்கே தவித்தன. 1976இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி, அத்தகைய குடும்பங்களின் வீடுகளைக் குளிர் புகாதவாறு செப்பனிடும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அது இன்றும் நடந்துவருகிறது. தொடக்க ஆண்டுகளில் கதவு ஜன்னல் விரிசல்களில் பசை பூசுவதும், ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதுமே பெரும்பாலான வேலையாக இருந்தது, ஏனென்றால் குளிர்காற்று உடம்பில் படுவது அங்கேதான். அதே காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியில் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பை அளந்து பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத வழிகளில், சுவர்களின் உட்பகுதி வழியாகவும் குழாய்கள் ஏறும் துவாரங்கள் வழியாகவும், கூரைக்கடியிலுள்ள பரணுக்கு வெப்பம் பெருமளவில் தப்பிச் செல்வது தெரியவந்தது. அதன் பிறகு வாசற்கதவில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எந்தெந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்கும் முறை பரவியது. முதலில் ஓட்டையைக் கண்டுபிடி, பிறகு அடை என்ற ஒழுங்கு அப்படித்தான் அங்கே நிலைத்தது.

அரசுத் திட்டம் ஒருபுறமிருக்க, ஊரார் தாங்களே கூடிச் செய்யும் பட்டறைகளும் அங்கே உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, கடுங்குளிர் மாநிலமான மெய்னில் ராக்லண்ட் என்ற ஊரில் 2010இல் தொடங்கிய விண்டோ டிரெஸ்ஸர்ஸ் என்ற அமைப்பின் வேலை. பைன் மரச் சட்டத்தின் இரு பக்கமும் தெளிவான பிளாஸ்டிக் படலத்தை இழுத்துக் கட்டி, ஓரத்தில் நுரைப் பட்டை ஒட்டி, ஜன்னலின் உட்புறத்தில் அழுத்திச் செருகிவிடுகிறார்கள். இரு படலங்களுக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. சட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களே ஒரு நாள் வந்து மற்றவர்களுடன் சேர்ந்து சட்டம் செய்துவிட்டுப் போகிறார்கள். கேட்பவரும் செய்பவரும் ஒருவரே என்ற அந்த ஏற்பாட்டை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

செலவு எவ்வளவு குறையும் என்று எல்லாருமே கேட்பார்கள். காற்று புகும் இடங்களை அடைத்து, பரணுக்கும் தரைக்கடிக்கும் காப்புப் பொருள் இட்டால், சூடேற்றவும் குளிரூட்டவும் ஆகும் செலவில் சராசரியாக 15 விழுக்காடு மிச்சமாகும் என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணை நம் டிவிஷனில் சொல்லி யாருக்கும் நம்பிக்கை ஊட்ட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே வீடு முழுவதையும் இரவு பகலாகச் சூடாக்குகிறார்கள். நாம் அறையைச் சூடாக்குவதே இல்லை; அடுப்பையும் தண்ணீரையும்தான் சூடாக்குகிறோம், மற்றபடி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். ஆகவே நமக்கு மிச்சமாவது வேறு கணக்கு. 2000 வாட் ஹீட்டரை இரவில் மூன்று மணி நேரம் ஓட்டினால் 6 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் அது 360 யூனிட்டாக நிற்கும். பயன்பாடு கூடக் கூட யூனிட்டின் விலையும் ஏறும் என்பதால் அடி இரண்டு பக்கமும் விழும். அந்த ஹீட்டரை வாங்கத் தேவையில்லாமல் செய்வதே லயத்தில் குளிரடைப்பின் முதல் மிச்சம்.

வெளியிலிருந்து சூடு கொடுக்காமல் அறை எப்படிக் கதகதப்பாகும் என்று ஒரு பட்டறையில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. தூங்கும் ஒரு மனித உடம்பு ஏறக்குறைய 70 முதல் 80 வாட் வெப்பத்தை விடாமல் வெளியிடுகிறது. ஐந்து பேர் படுத்திருக்கும் சிறிய அறையில் 350 வாட்டுக்கு மேல் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது காசில்லாமல் கிடைக்கும் சிறு ஹீட்டர். அந்தச் சூட்டைக் கூரை இடுக்கு வழியாக விடிய விடிய வெளியே விட்டுவிட்டு, காலையில் எழுந்து கை விறைக்கிறது என்று வருந்துகிறோம்.

இப்போது லயத்தின் கூரையைப் பார்ப்போம். நான் பார்த்த பழைய லயங்களில் பெரும்பாலானவற்றில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் குறுக்குச் சுவர் கூரைத் தகரம் வரை போவதில்லை. ஓர் ஆள் கையை நீட்டினால் எட்டும் உயரத்தோடு அது நின்றுவிடுகிறது. அதற்கு மேலே வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே வெற்றிடம். பக்கத்து வீட்டில் பேசுவது கேட்பதும், ஒரு வீட்டில் மீன் வறுத்தால் நான்கு வீட்டுக்கு வாசம் போவதும் அதனால்தான். வெளிச்சுவருக்கும் தகரத்தின் நெளிவுக்கும் இடையே கை நுழையும் அளவுக்குச் சந்துகள் இருக்கும். மலைக்காற்று அதன் வழியே நுழைந்து, வெற்றிடத்தில் நீளவாட்டில் ஓடி, வேறொரு வீட்டின் தலைக்கு மேலே வெளியேறும். வரிசையில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அதன் குளிர் இரு பக்கத்து வீடுகளுக்கும் இறங்கும்.

ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை மாலையில், பத்து வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் நான்காவது வீட்டுக்குள் நாங்கள் பன்னிரண்டு பேர் நின்றிருந்தோம். அந்த வீட்டுக்காரர் மிகவும் சிரத்தையானவர். தன் வீட்டின் வெளிப்பக்கச் சந்துகள் அனைத்தையும் சாக்கும் சிமெண்டும் வைத்து முந்தின ஆண்டே அடைத்திருந்தார். அப்படியும் குளிர் குறையவில்லை, காசு வீணாகிவிட்டது என்று வருத்தத்தோடு சொன்னார். விளக்கை அணைத்துவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஒரு நீளக் குச்சியின் நுனியில் கட்டி, குறுக்குச் சுவரின் மேல்விளிம்புக்கு உயர்த்தினோம். டார்ச் வெளிச்சத்தில் புகை முதலில் நேராக எழுந்தது. சுவரின் விளிம்பைத் தொட்டதும் நூல் பிடித்து இழுத்ததுபோல் மடங்கி, ஐந்தாவது வீட்டுப் பக்கம் பாய்ந்தது. சற்று நேரத்தில், எங்களுக்குத் தெரியாமல் ஆறாவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, “யாரு இந்நேரத்துல பத்தி கொளுத்துறது, எங்க வீட்டுக்குள்ள மணக்குதே” என்று குரல் கொடுத்தார். அதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை. நான்காவது வீடு அடைத்திருந்தது, மூன்றாவதும் ஐந்தாவதும் அடைக்கவில்லை. காற்று அங்கே நுழைந்து இங்கே வந்தது.

ஆகவே உங்கள் பட்டறையின் முதல் நாள் வேலை, காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கத்துச் சுவர் உச்சியை வரிசையின் முழு நீளத்துக்கும் ஒரே நாளில் அடைப்பது. சாதாரணமாகப் படுக்கும் அறைகள் இருக்கும் முன்பக்கமாகவே அது அமையும். பின்பக்கம் சமையலறை இருக்குமானால் அதைத் தொடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். தகரத்தின் நெளிவுக்கு ஏற்ற வடிவில் நுரைப் பட்டையை வெட்டிச் செருகுவது நல்ல முறை. சிமெண்டுக் கலவை மட்டும் வைத்தால், பகலில் தகரம் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும்போது சில மாதங்களிலேயே அது வெடித்து உதிரும். நெளிவின் வடிவத்தை ஒரு அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டால், அதை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூட நூறு துண்டுகள் வெட்டிவிடுவார்கள்.

இரண்டாவது வேலை, கூரைத் தகரத்துக்கு அடியில் ஒரு மேல்தட்டு கட்டுவது. மார்கழியில் வானம் மேகமில்லாமல் தெளிவாக இருக்கும் இரவுகளில் கூரைத் தகரம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கி வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. தேயிலைச் செடிமேல் உறைபனி படிந்து கொழுந்து கருகுவதும் இதே காரணத்தால்தான். நாம் விடும் மூச்சிலுள்ள ஈரம் அந்தத் தகரத்தின் அடிப்பக்கத்தில் படிந்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகப் போர்வைமேல் விழுகிறது. கூரை ஒழுகுகிறது என்று பலர் நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வியர்வையைத்தான். படுக்கும் அறைக்கு மட்டுமாவது தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் பாயோ தடித்த தார்ப்பாயோ இழுத்துக் கட்டினால், நடுவே காற்று அசையாமல் நிற்கும், சூடு அறைக்குள்ளேயே தங்கும். தார்ப்பாயைச் சற்றுச் சரிவாகக் கட்ட வேண்டும், விழும் சொட்டு வெளிச்சுவர்ப் பக்கம் ஓடுவதற்காக. தகரத்தோடு ஒட்டிக் கட்டிவிட்டால் எந்தப் பயனும் இல்லை. பழைய சாக்குகளை மேலே பரப்புவதை நான் விரும்புவதில்லை. ஈரம் குடித்த சாக்கு குளிரைத் தடுக்காது, பூஞ்சை பிடிக்கும், எலி கூடு கட்டும். தெர்மோகோல் நல்ல காப்புப் பொருள்தான், ஆனால் தீப்பிடித்தால் நச்சுப் புகையோடு கொழுந்துவிட்டு எரியும். அடுப்பும் பழைய வயரிங்கும் உள்ள லயத்தில் அதை மூடாமல் திறந்தபடி கூரையில் வைக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

ஜன்னலும் கதவும் மூன்றாவதாகத்தான் வரும். நம்மவர்கள் எல்லாரும் முதலில் ஓடுவது அங்கேதான், அமெரிக்காவில் அந்தக் காலத்தில் செய்ததைப் போலவே. மேலே திறந்து கிடக்க, கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைப்பதில் அதிக நன்மை இல்லை; மேலே அடைத்த பிறகு வைத்தால் நன்மை உண்டு. மெய்ன் மாநிலத்தார் செய்யும் ஜன்னல் சட்டத்தை நாம் ரீப்பர் எனும் மெல்லிய மரத் துண்டுகளால் செய்யலாம். பழைய ஜன்னல் எதுவும் சரியான சதுரமாக இருக்காது. அதனால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என்று மூன்று இடத்திலும் அளந்து, இருப்பதில் சிறியதை எடுத்துக்கொண்டு, அதிலும் நுரைப் பட்டையின் தடிமனுக்கு இடம் விட்டுக் கழித்துச் சட்டம் அடிக்க வேண்டும். கண்ணாடி உடைந்த ஜன்னல்களில் வெளிச்சம் கெடாமல் குளிரை நிறுத்த இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. கதவின் அடிக்குப் பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி, தரையை லேசாக வருடும்படி சிறு ஆணியால் அடித்துவிட்டால் போதும். கடையில் விற்கும் பட்டை வாங்க வேண்டியதில்லை.

இனி சமையலறை. இதை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். முதல் ஆண்டில் நாங்கள் வேலை செய்த ஒரு வீட்டில், ஆர்வத்தில் சமையலறையின் சுவர் உச்சியையும் சேர்த்து அடைத்துவிட்டோம். அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வீட்டு அக்கா தேநீருக்கு அடுப்பு மூட்டியபோது, புகை போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுழன்று, பிள்ளைகள் இருமிக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தார்கள். கதவு திறந்திருந்ததால் விபரீதம் ஏதும் நடக்கவில்லை. அன்று காலையே போய் நாங்கள் அடைத்ததைப் பிரித்தெடுத்தோம். அந்த அக்கா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, ஆனால் அந்தக் குழந்தைகளின் சிவந்த கண்கள் என் நினைவில் இருக்கின்றன. விறகடுப்பு எரியும் அறையின் வெளிப்பக்கத் திறப்பை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைக்க வேண்டியது சமையலறைக்கும் படுக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவரின் உச்சியையும் கதவையும். அப்படிச் செய்தால் புகை வெளியே போகும், குளிர் உள்ளே வராது. அமெரிக்கத் திட்டத்திலும் வீட்டை இறுக்கமாக அடைத்த பிறகு அடுப்பு, கொதிகலன் ஆகியவற்றின் புகை சரியாக வெளியேறுகிறதா என்று சோதிக்காமல் வேலையாட்கள் திரும்புவதில்லை.

இதோடு சேர்த்து, பட்டறையில் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியது கரி நெருப்பைப் பற்றி. குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் தணலை அள்ளி அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கும் வழக்கம் இந்த மலைகளில் உண்டு. ஓட்டை நிறைந்த வீட்டில் அது இத்தனை நாள் உயிரை எடுக்காமல் இருந்திருக்கலாம். நாம் அடைத்த வீட்டில் எடுத்துவிடும். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். குளிரடைப்பு செய்த வீட்டில் தணல் சட்டியைப் படுக்கும் அறைக்குள் கொண்டுவருவதில்லை என்று அந்த வீட்டுப் பெரியவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், நான் அந்த வீட்டில் வேலையைத் தொடங்க மாட்டேன். நீங்களும் அப்படியே இருங்கள். குளியலறைக்குள் எரிவாயு கீஸர் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் இங்கே வாரக்கணக்கில் வெயில் பார்க்க முடியாது. அப்போது வீடு முழுவதும் இறுகி இருந்தால் துணியின் ஈரமும் மூச்சின் ஈரமும் சுவரில் கறுப்புப் பூஞ்சையாகப் பூக்கும், இழுப்பு உள்ளவர்கள் துன்பப்படுவார்கள். ஜன்னல் சட்டத்தை எடுத்து மாட்டும் வகையில் செய்யச் சொல்வது அதற்காகவும்தான்.

செலவின் அடுத்த பெரிய பகுதி தண்ணீர். 20 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரம் தேவை. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு வாளி என்று ஹீட்டர் ராடில் சூடாக்கினால் நாளுக்கு 3 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. விறகில் சூடாக்குபவர்களுக்குக் காசு போகவில்லை என்று தோன்றலாம், ஆனால் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் விறகையும், தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும்போது வெட்டிய குச்சியையும் சுமந்து வரும் பெண்களின் முதுகு அந்தக் கணக்கைத் தாங்குகிறது. விறகு ஈரமாக இருந்தால் அதன் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். ஆகவே விறகை மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி வைக்க ஒரு சிறு கூரை போடுவதும் குளிரடைப்புப் பட்டறையின் வேலைதான். தண்ணீர் அண்டாவுக்கு மூடி போடுவது அதைவிடச் சிறிய வேலை. திறந்த அண்டாவின் சூடு பெரும்பாலும் ஆவியாகத்தான் போகிறது.

இந்தக் கருத்தையெல்லாம் எப்படி எளிதாகப் புரியவைப்பது என்று நான் முதலில் திண்டாடினேன். ஒரு மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்து, அமெரிக்க வீடுகளின் படங்களைக் காட்டி ஒன்றரை மணி நேரம் பேசினேன். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், தேநீர் குடித்தார்கள், வீட்டுக்குப் போய் யாரும் ஓர் இடுக்குகூட அடைக்கவில்லை. கேரளத்திலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் இருப்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. 1962இல் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம், விறகைச் சிக்கனமாக எரித்துப் புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் ‘பரிஷத் அடுப்பை’ 1980களில் வீடு வீடாகக் கொண்டுபோயிற்று. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் முண்டூரில் அதன் ஊரகத் தொழில்நுட்ப மையம் பரப்பிய சூடாறாப்பெட்டியை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அரிசியைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பானையோடு அந்தக் காப்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால், அடுப்பில்லாமலே சோறு வெந்துவிடும்.

இப்போது என் பட்டறைகள் எல்லாம் அந்தப் பெட்டியோடுதான் தொடங்குகின்றன. வேலை தொடங்கும்போது ஒரு அக்கா அரிசியைக் கொதிக்கவிட்டுப் பெட்டிக்குள் வைப்பார். இன்னொரு பானையில் அதே அளவு அரிசியை அதே நேரம் கொதிக்கவிட்டு வெளியே வைப்போம். சந்துகளை அடைத்து முடித்து வந்து இரண்டையும் திறக்கும்போது, ஒன்றில் ஆவி பறக்கும் சோறு இருக்கும், மற்றதில் ஆறிப்போன அரை வேக்காட்டு அரிசி இருக்கும். பெட்டியின் மூடியைச் சற்றே திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பேன். வேகாது என்று எல்லாரும் சொல்வார்கள். உங்கள் வீட்டின் மூடி எங்கே திறந்திருக்கிறது என்று அடுத்துக் கேட்டால், எல்லாருடைய கண்ணும் தானாகக் கூரைக்குப் போகும். அந்தச் சோற்றையே அன்று எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

பாதுகாப்பில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். கூரை தகரமாக இல்லாமல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளையிடுவதோ, அறுப்பதோ, கம்பியால் சுரண்டிச் சுத்தம் செய்வதோ கூடவே கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். அங்கே நுரைப் பட்டையைச் செருகுவதோடும், தனிக் கயிற்றில் தார்ப்பாய் கட்டுவதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண சிறிய பிளக்கில் அதைச் செருகினால் சுவிட்ச் உருகும், பழைய வயர் தீப்பிடிக்கும். ஏற்கெனவே ஹீட்டர் வாங்கிவிட்டவர்கள் பெரிய பிளக்கில் மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

வீடு நம்முடையதன்று என்ற உண்மையையும் மறக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டக் காலந்தொட்டே, தொழிலாளிக்கு வீடு தருவதும் அதைப் பழுது பார்ப்பதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்துவருகிறது. ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றுவதும், உடைந்த ஜன்னலை மாற்றுவதும், குறுக்குச் சுவரைச் செங்கல் வைத்துக் கூரை வரை உயர்த்துவதும் நாம் கைக்காசில் செய்ய வேண்டிய வேலைகள் அல்ல. சுவரை உயர்த்தினால் குளிர் மட்டுமல்ல, தீயும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவாது என்பதால் அது மிகவும் வேண்டிய வேலை. பட்டறையில் வரிசை முழுவதையும் நடந்து பார்க்கும்போது இவற்றை வீட்டு எண்ணோடு ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். நாமே ஒட்டுப்போட்டுக்கொள்வதால் அந்தக் கடமை தளர்ந்துவிடக் கூடாது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மலை சரிந்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த 70 பேர் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நம் மக்களிடம், வீட்டுப் பாதுகாப்பை வெறும் நுரைப் பட்டையோடு முடித்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

நாம் செய்பவை பிரித்தெடுக்கக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதில் காரணம் இருக்கிறது. வேலையில் இருக்கும் வரைதான் லயம். ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட்டு வட்டவடைக்கோ, போடிக்கோ, தேனிக்கோ போக வேண்டியிருக்கிறது. ஜன்னல் சட்டத்தையும் தார்ப்பாயையும் சூடாறாப்பெட்டியையும் கூடவே எடுத்துச் செல்லலாம். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு மீதமிருக்கும் ஓர் அண்ணன் எதற்கு இந்தச் செலவு என்று தயங்கும்போது இதைச் சொன்னால் அவருக்கும் விளங்கும்.

நாளைப் பொறுத்தவரை, துலா மாதத்து மழை ஓய்ந்து பனி இறங்குவதற்கு முன், கார்த்திகையில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையே சரியானது. மழை பெய்யும்போது ஏணி போட முடியாது, மார்கழி பிறந்துவிட்டால் குளிர் வந்துவிடும். அயல்கூட்டம் எப்படியும் வாராவாரம் கூடுகிறது. அதன் ஒரு கூட்டத்தை, வேலை நடக்கும் வரிசையில் ஒரு வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு மேல் வேண்டாம், எல்லார் கையிலும் வேலை இருக்க வேண்டும். முதல் வரிசையாக எதை எடுப்பது என்பதில் சண்டை வரும். கைக்குழந்தையும் முதியவர்களும் அதிகமாக உள்ள வரிசையை எடுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். முதல் வரிசையில் வேலை செய்தவர்கள் இரண்டாவது வரிசைக்குக் கைமாறாக ஒரு ஞாயிறு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

சாதாரண வெப்பமானி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்பு ஒரு வாரமும் பின்பு ஒரு வாரமும், காலை ஐந்து மணிக்கு அறைக்குள் ஒன்றும் வாசலில் ஒன்றுமாகப் பார்த்து, நோட்டில் எழுதிவைக்கும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை டிகிரி கூடியது என்பதே உங்கள் டிவிஷனுக்கு உரிய எண். அடுத்த வரிசைக்காரர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

அதற்கு முன்பாக நாளை மாலை ஆறரை மணிக்கு, வரிசையின் இரு கோடி வீட்டுக் கதவுகளையும் மூடச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டுக் குறுக்குச் சுவரின் உச்சியில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, எத்தனையாவது வீடு வரை மணம் போகிறது, சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதி அனுப்பினால், உங்கள் வரிசைக்கு எத்தனை அடி நுரைப் பட்டை வாங்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.